ஊருக்கு ஒரு பலம்

இன்று காலை வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்பும்போது உன் நினைவு வந்தது. மாற்றுத்திறனாளிச் சான்றைப் புதுப்பிக்கும் படிவம். நடப்பது, படி ஏறுவது, தலை வாருவது, தண்ணீர்க் குடம் தூக்குவது என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருந்தன. தானாக முடியும், உதவியோடு முடியும், முடியாது. மேசை உயரம். என் கை அவ்வளவு உயரத்தில் நிற்காது. அதனால் எதிரில் இருந்த பெண்ணே கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

“படி ஏறுவீங்களாக்கா?”

“முடியாதும்மா.”

“போன தடவ உதவியோடன்னு போட்டிருக்குதே.”

“போன தடவ ஏறினேன்.”

அவள் பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் புதிய தாளில் கட்டத்தை மாற்றினாள். தலை வாருவதும் மாறியது. இரண்டு தாள்களையும் சேர்த்துப் பார்த்தபோது, நம் ஞாயிற்றுக்கிழமைத் தாள்களுக்கு நீ வைத்திருந்த பெயர் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜாதகம். “உங்க ஜாதகத்த எல்லாம் எடுங்க” என்றுதான் ஆட்டத்தைத் தொடங்குவாய். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லையம்மா என்றேன். அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். வீட்டில் தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போய்விட்டார்கள். இன்று அலுவலகத்துக்கு விடுப்பு. முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டால் தட்டச்சு செய்ய இன்னும் முடிகிறது.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். நீ ஓடுவாய், குண்டு எறிவாய். நான் உன் பையைப் பார்த்துக்கொள்வேன். இருபத்தாறு வயதில் எனக்குத் தொடையில் பலம் குறையத் தொடங்கி, குந்தினால் எழ முடியாமல் போனபோது, வேலூருக்கு என்னைக் கூட்டிப் போனது நீ. தசை நோய், மெதுவாகத்தான் போகும் என்றார் டாக்டர். திரும்பும்போது பஸ்ஸில் நெரிசல். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்துவிட்டு, திருவண்ணாமலை வரும்வரை நீ நின்றுகொண்டே வந்தாய். ஆரணி தாண்டும்போது, “மெதுவாதானே, நாம அதவிட மெதுவா போவோம்” என்றாய். என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. ஆனால் அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

கல்யாணமாகி நீ செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்தில் தங்கும் விடுதி வைத்தாய். ஐந்து அறை, கீழே சமையற்கட்டு, மாடியில் படுக்கையில் உன் மாமியார். உன் வீட்டுக்காரர் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாரம் ஒருமுறை வந்துபோவார். காலை நாலு மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி, அறை கழுவி, மாமியாரைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டி, கேஸ் சிலிண்டரை நீயே தோளில் தூக்கிக்கொண்டு வருவாய். விருந்தாளிகள் அதைப் படம் பிடிப்பார்கள். நீ நின்று சிரித்துக்கொண்டே போஸ் கொடுப்பாய்.

ஊரடங்கில் உன் விடுதியில் மாட்டிக்கொண்ட ஒரு வெளிநாட்டுத் தம்பதிதான் அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் பகடைப் பெட்டியை உன்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினால், அது நடந்ததா இல்லையா என்று கதைசொல்பவர் சொல்வார். நீ கதைசொல்லி. நான் ஒருத்தி. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சுதா ஒருத்தி. மூன்றாவது ஆள் பாஷா பாய். என்னை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் காத்திருந்தவரை, “வெளில இன்னா பண்றீங்க பாய், உள்ள வந்து ஒரு கத்தி எடுத்துக்கங்க” என்று நீதான் கூப்பிட்டாய். ஐம்பது வயது மனிதர். வெட்கப்பட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

ஞாயிறு மதியம் மூன்று மணி. உன் சமையற்கட்டை ஒட்டிய கூடம். அந்த முதல் கதையில் நான் மலையேறும் பெண். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் ஜாதகத்தில் ஒரு பலம் கூடும். முதலில் பாறை ஏறினேன், பிறகு பனி மலை ஏறினேன், கடைசியில் காற்றைப் பிடித்து ஏறினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகும்போது அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். வாரத்தில் ஆறு நாளும் அவளை வைத்துத்தான் ஓட்டினேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய அந்தக் கதையில் எங்களுக்கு எல்லாப் பலமும் வந்துவிட்டது. எதிரி வருவான், அடிப்போம், சாவான். பாய்கூடக் கொட்டாவி விட்டார். நீ அந்தக் கதையை முடித்துவைத்தாய். அடுத்த வாரம் புதுத் தாள்கள் கொடுத்தாய். உன் கையெழுத்தில், கோடு போட்டு, ஆளுக்குப் பன்னிரண்டு பலம் முதலிலேயே எழுதியிருந்தது.

“இது வேற ஆட்டம். ஒரு யானைய அதோட காட்டுல கொண்டுபோயி விடணும். பன்னெண்டு ஊர் தாண்டணும். ஊருக்கு ஒரு பலம் போயிடும். எது போவணும்னு நீங்களே சொல்லலாம். ஆனா போனது போனதுதான், திரும்ப வராது.”

“கூடவே கூடாதா?” என்றாள் சுதா.

“கூடாது.”

“அப்போ கடைசில எப்டி ஜெயிக்கறது?”

“அது எனக்கே தெரியல. போயி பாப்போம்.”

பாய்க்கு அது உடனே பிடித்துப்போயிற்று. இரண்டாவது ஊரிலேயே கத்திச் சண்டையை விட்டுக்கொடுத்துவிட்டார். “எல்லாம் பேசியே முடிச்சிக்கலாம்மா. நான் மீட்டர் போடாத ஆளு” என்றார். அடுத்த ஊர் எல்லையில் வழிமறித்தவர்களிடம் அரைமணி நேரம் பேரம் பேசி, யானைக்குக் கரும்பும் வாங்கிக்கொண்டு வந்தார். சுதா கோபத்தை விட்டாள். பிறகு தன் ஆளுக்கு எதைப் பார்த்தாலும் அலுப்பாக இருப்பதாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நான் எதையும் விடத் தயாராக இல்லை. வேண்டாததாகப் பார்த்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். நீச்சல், குறி பார்ப்பது, மொழிகள். நாலாவது ஊரில் நீ என் தாளைப் பார்த்துவிட்டு, “இந்த ஊர்ல கால்ல ஒண்ணு குடுக்கணும் மேகலா. ஓட்டம், இல்ல ஏறுறது” என்றாய்.

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

“என்னப் பாத்து எழுதினியாடி இத்த?” என்றேன்.

“இன்னாது?”

“நான் எப்டி ஆவறேன்னு பாத்து ஆட்டம் எழுதிருக்க. மூணு பேரும் உக்காந்து வெளயாடறீங்க.”

நீ வாயைத் திறந்தாய். நான் கேட்கவில்லை. எழுந்து போக வேண்டும், ஆனால் எழ என்னால் முடியாது. கோபித்துக்கொண்டு வெளியேறக்கூட எனக்கு ஆள் வேண்டும். பாய் ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினீர்கள். உன் கை என் அக்குளில் இருக்கும்போதே, “இனிமே வரமாட்டேன்” என்றேன். ஆட்டோவரை கொண்டுவந்து உட்கார வைத்து, புடவையைச் சக்கரத்தில் மாட்டாமல் உள்ளே ஒதுக்கிவிட்டு நின்றாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறு ஞாயிறு வரவில்லை. ஏழாவது வாரத்தில் ஒருநாள் மதியம் என் அலுவலகத்துக்கு வந்தாய். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, என் மேசைக்கு எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாய். சேலை முந்தானையில் மஞ்சள் கறை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

“உன்ன நெனச்சி எழுதலடி. என்ன நெனச்சி எழுதினேன்” என்றாய்.

நான் பாதியில் இருந்த வரியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“காலைல எழுந்தா ராத்திரி வரைக்கும் எதையாச்சும் தூக்கினே இருக்கேன். மாமியார தூக்கறேன், தண்ணிய தூக்கறேன், யாரு வீட்ல சாவு வாழ்வுன்னாலும் என்னத்தான் கூப்புடறாங்க. நானும் போறேன். எனக்கு ஒண்ணொண்ணா எறக்கி வெக்கணும்னு ஆசையா இருக்குது. நெஜத்துல வெக்க முடியாது. அதான் வெளையாட்லயாச்சும்னு எழுதினேன். அது உனக்கு எப்டி இருக்கும்னு தோணல எனக்கு. அது தப்புதான்.”

“ஆசையா?” என்றேன். “எனக்குத் தானா எறங்குது. வேணும்னா எடுத்துக்கோ.”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று எழுத ஆசை. அப்படி இல்லை. சொன்னது சரியென்றே அப்போது இருந்தது. “சாப்ட்டியா?” என்று கேட்டாய். சாப்பிட்டுவிட்டேன் என்றேன். எழுந்து போய்விட்டாய்.

அந்த ஞாயிறு பாஷா பாய் வந்து ஹாரன் அடித்தார். மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்றேன். சரியென்று ஏற்றிக்கொண்டவர், நேராக உன் விடுதிச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தினார். “மருந்து சுதாவே எடுத்தாந்திருக்குதும்மா. யான நாலாவது ஊர்லயே நின்னுகினு இருக்குது. பாவம், அதுக்கு இன்னா தெரியும்” என்றார். நீ சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாய். என் நாற்காலி, என் தலையணை, என் ஜாதகம் எல்லாம் அதே இடத்தில் இருந்தன. நான் பென்சிலை எடுத்து ஓட்டத்தை அடித்தேன். ஏறுவதை வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அந்த ஆட்டம் எனக்கும் பிடித்துப்போனது. ஏன் என்று யோசித்திருக்கிறேன். முதல் கதையில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதே இல்லை. அவரவர் பலம் அவரவருக்குப் போதும். இதில் ஊர் தாண்டத் தாண்டப் பேச்சு அதிகமாயிற்று. “உங்கிட்ட இன்னும் இன்னா மிச்சம் இருக்குது?” என்று கேட்டுக் கேட்டுத்தான் ஒரு ஓடையைக்கூடத் தாண்டினோம். எட்டாவது ஊரில் சுதாவின் ஆளுக்குப் பார்வை போனபோது, பாயின் ஆள் அவளுக்கு வழி முழுக்க எதிரில் தெரிவதைச் சொல்லிக்கொண்டே வந்தான். அப்படிச் சொல்லியே ஒரு மதியம் போயிற்று. ஒரு எதிரிகூட வரவில்லை.

ஒன்பதாவது ஊருக்கு வந்த வாரம், “இன்னிக்கி யான ரெஸ்ட் எடுக்கட்டும். நான் வெளையாடறேன். மேகலா கத சொல்லட்டும்” என்றாய். இத்தனை நாளில் நீ ஒருமுறைகூட வேடம் எடுத்ததில்லை. எனக்கும் கதை சொல்லிப் பழக்கமில்லை. தாளில் பன்னிரண்டு பலம் எழுதிக்கொண்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டினாய். முதல் ஊர் வந்தது. எதை எடுக்கட்டும் என்றேன்.

“தூக்கறது. இத்த மொதல்ல எடுத்துடு.”

அடித்தேன். அடுத்த ஊருக்கு முன்பே, “ரெண்டா எடுத்துக்கக் கூடாதா?” என்றாய். ஆட்டத்தில் அப்படிச் சட்டம் இல்லை என்றேன். “நான்தானே சட்டம் எழுதினேன்” என்றாய். சமைப்பது போயிற்று. அதிகாலை எழுவது போயிற்று. அப்படி ஒரு பலமே தாளில் இல்லை. நீயே எழுதி நீயே அடித்தாய். கணக்கு நினைவு போயிற்று, வண்டி ஓட்டுவது போயிற்று, குரல் போயிற்று. சுதாவும் பாயும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான் சிரித்தேன். கடைசியில் பார்வை ஒன்றுதான் மீதி. “போதும். இப்டியே உக்காந்து பாத்துகினு இருப்பேன்” என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

கண்ணைத் திறக்காமலே, “யாராச்சும் எனக்கு ஒரு டீ போட்டுக் குடுங்களேன்” என்றாய்.

சுதா எழுந்தாள். “நீ உக்காரு. மேகலா போடட்டும்” என்றாய். பாய் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு என்னைத் தூக்கி நிறுத்தி அடுப்புவரை கொண்டுவிட்டார். டீ போட்டு எனக்கு மூன்று வருடம் இருக்கும். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்து அடுப்பைப் பற்ற வைத்தேன். பால் பாத்திரத்தைத் தூக்க முடியாமல், கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றினேன். சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறப்பதற்குள் டீ ஒருமுறை பொங்கி வழிந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை. நீ வரவிடவில்லை என்று பிறகு சுதா சொன்னாள். அரை டம்ளர்தான் மிஞ்சியது. அதையும் பாய்தான் வாங்கிக்கொண்டு வந்து உன்னிடம் கொடுத்தார்.

ஒரு வாய் குடித்துவிட்டு, “சக்கர கம்மி” என்றாய்.

“போட்டுட்டு வரட்டா?”

“வேணாம். இன்னொரு மணி நேரம் ஆவும். நல்லாத்தான் இருக்குது.”

மெதுவாக, ஆறிப்போகும்வரை வைத்துக் குடித்தாய். நீ உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கிளம்பும்போது என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, உன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். “தோள்பட்ட இழுக்குதுடி ரெண்டு மூணு நாளா. மேல ஏறினா மூச்சு வாங்குது” என்றாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. “உனக்கின்னாடி, நீ கல்லு மாதிரி இருக்க” என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. நீ சிரித்தாய். பாய் வண்டியை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு பௌர்ணமிக் கூட்டம் என்று ஆட்டம் இல்லை. உன் ஐந்து அறையும் நிறைந்து, கூடத்திலும் மொட்டை மாடியிலும் ஆட்கள். கூட்டம் கலைந்த மறுநாள் பகல் பதினொரு மணிக்குத் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய நீ, மூன்றாவது படியில் உட்கார்ந்தாயாம். கேனைக் கீழே போடவில்லை, பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருந்தாய் என்றார் உன் வீட்டுக்காரர். பார்த்தவர்கள் இளைப்பாறுகிறாய் என்றே நினைத்திருக்கிறார்கள். மேலிருந்து உன் மாமியார் இரண்டு மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் யாரோ வந்து உன்னைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

நான் வந்தபோது வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள். வந்த எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். “நேத்துகூட சிலிண்டர தூக்கினு போனாளே. அவளுக்கா?” எனக்கு உன் கால்மாட்டில் நாற்காலி போட்டார்கள். எல்லோரும் குனிந்து உன்னைத் தொட்டார்கள். எனக்குக் குனிய வராது. பாய் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, என் கையைச் சுதா எடுத்து உன் காலில் வைத்தாள். கொஞ்சநேரம் வைத்திருந்தேன். பிறகு அவளே எடுத்து என் மடியில் வைத்தாள். வரிசைப்படி முதலில் போக வேண்டியவள் நான் என்று அந்தக் கூட்டத்தில் பலருக்கும் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது.

விடுதியை வேறு யாரோ எடுத்து நடத்துகிறார்கள். மாமியாரை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிறார்கள் என்று கேள்வி. பகடைப் பெட்டியும் ஜாதகங்களும் சுதாவிடம் இருக்கின்றன. நாலைந்து மாதம் கழித்து அவள் வீட்டில் மறுபடி கூடினோம். யானை ஒன்பதாவது ஊரில்தான் நிற்கிறது. அதை நகர்த்த எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. நான் வேறு ஒரு கதை எழுதியிருக்கிறேன். அதிலும் ஊருக்கு ஒரு பலம் போகும். உன் அளவுக்குச் சொல்ல வரவில்லை. பாய் பொறுத்துக்கொள்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். அன்றைக்கு நான் ஆட்டோவை நிறுத்தச் சொல்லியிருந்தால் வந்திருப்பாயா? டாக்டரிடம் போவோம் என்றால், எனக்கு வேலை இருக்குது என்றுதான் சொல்லியிருப்பாய் என்று சுதா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நான் சொல்லவில்லை. வேலூருக்கு நீ என்னைக் கூட்டிப் போனாய். நான் உன்னைத் தெருமுனைக் கிளினிக் வரைக்கும்கூடக் கூப்பிடவில்லை. பலம் குறைவது எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? உன் வாயால் கேட்டும் எனக்குத் தெரியவில்லை. படிவத்தில் கேட்காத அந்த ஒன்றைத்தான் நான் இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறேன். அதை இறக்கி வைக்கிற ஊர் எதுவும் வரவில்லை.

போன வாரம் சுதா வீட்டு வாசலில் பாய் என்னைத் தூக்கினார். இரண்டே படிதான். உள்ளே நாற்காலியில் விட்டுவிட்டு நிமிர்ந்தவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

“இன்னா பாய்?” என்றேன்.

“ஒண்ணுமில்லம்மா.”

நான் ஜாதகங்களை எடுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

“லேசா நெஞ்சுல ஒரு மாதிரி இருக்குது. நாலு நாளா” என்றார்.

சுதாவைக் கூப்பிட்டேன். அன்று ஆட்டம் நடக்கவில்லை. பாயின் ஆட்டோவிலேயே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாயைப் பின்னால் என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, என்னைத் தூக்கி ஏற்றிய பக்கத்து வீட்டுக்காரரையே ஓட்டச் சொன்னோம். வழி முழுக்க, “எனக்கொண்ணும் இல்லம்மா, சும்மா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். இருக்கட்டும் பாய், இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே நானும் வந்தேன்.